துளசி சொன்ன ‘நாங்க’

தமிழுங்களா? உக்காருங்க கண்ணு, இப்படி உக்காருங்க. கொழந்தையைப் பாத்து "எச்சித் துப்பாத தங்கம்"னீங்க பாருங்க, அது காதுல உழுந்ததும் எனக்கு உசுரு வந்துச்சு. சித்தெ நகந்துக்கறேன், கொழந்தை வண்டிய நெழலுக்கு இழுத்துக்குங்க. உங்க ஊட்டுக்காரர் மேல கோட்டைக்குப் போயிருக்காருங்களா? அப்ப எறங்க நேரமாகும். எங்காளுகளும் மேலதான் போயிருக்காங்க. கோயமுத்தூர்ல இருந்து இந்த ஜெர்மனி வரைக்கும் ஒரு பஸ்ஸு ஆளு வந்திருக்கறமுங்க, டூரு. நானு மட்டும் ஏறலை. கால் வலிக்குதுன்னு கைடுகிட்டச் சொல்லிப்போட்டேன். காலுக்கு ஒண்ணுமில்லீங்க. தெனமும் தோப்பைச் சுத்தி வர்ற காலு இது.

மேல போயி என்னத்தைப் பாக்கறது? வந்ததுல இருந்து கோட்டைதான். முக்காவாசி இடிஞ்ச கோட்டை. நம்மூர்ல ஒரு செவுரு இடிஞ்சா ஆளை வெச்சு அன்னைக்கே எடுத்துக் கட்டீருவோம். இவங்க இடிஞ்சதை அப்படியே உட்டு, கம்பி கட்டி, டிக்கெட் போடறாங்க. ஆனா ஒண்ணு, திராட்சைத் தோட்டம் நல்லா வெச்சிருக்காங்க. அந்தச் சரிவுல தண்ணி நிக்காம எப்படி வரப்புப் புடிச்சிருக்காங்க பாருங்க. அதைப் பாத்தேன். அது நெசமாலுமே புடிச்சுது எனக்கு.

அதோ மேல, மதில் ஓரமா பச்சை ஸ்வெட்டரு ஒண்ணு தெரியுதுங்களா? சீலைக்கு மேல போட்டுட்டு நிக்கறா பாருங்க. அவதான் துளசி. துளசிமணி. என்ற கொழுந்தன் பொண்டாட்டி. பக்கத்துல முடியைக் கட்டையா வெட்டிக்கிட்டு, சுடிதார் போட்டுட்டு நிக்குது பாருங்க ஒரு பொம்பளை, அதைப் பத்தி அப்பறம் சொல்றேன். சொல்லாம உடமாட்டேன்.

இந்த பஸ்ல யாருகிட்டயும் என்னால வாயைத் தொறக்க முடியலீங்க. எல்லாம் கோயமுத்தூர், திருப்பூர் ஆளுக. இங்க ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கு சொந்தபந்தம், ஒறம்பரை வரைக்கும் போயிரும். நீங்க யாரோ, நான் யாரோ. உங்ககிட்டச் சொன்னா ஆத்துல போட்ட மாதிரி.

எங்கூரு ஆனைமலைப் பக்கமுங்க. தென்னந்தோப்புக்குள்ள ஊடு. எங்க ஊட்டுக்காரரும் கொழுந்தனும் பாகம் பிரிக்காம ஒட்டுக்கா இருந்தவங்க. நான் மூத்தவ. அப்பறம் நாலு வருசங் கழிச்சு துளசி வந்தா. பத்தொம்பது வயசு. ஒல்லியா, பேசத் தெரியாம, கேட்டா தலையை மட்டும் ஆட்டிக்கிட்டு நிப்பா. ஒண்ணுமே தெரியாதுங்க அவளுக்கு. கொளம்பு வெக்கறதுல இருந்து, யாரு வந்தா எந்திரிக்கணும், யாரு வந்தா உள்ள போகணுங்கற வரைக்கும் எல்லாம் நாந்தான் சொல்லிக் குடுத்தேன். அவளுக்குக் கத்திரிக்காய் சேராது, ஒடம்பு அரிக்கும். அது அவளுக்கே தெரியாதுங்க, நாந்தான் கண்டுபுடிச்சேன். அன்னையில இருந்து எங்க ஊட்டுக்குள்ள கத்திரிக்காய் வந்ததில்லை. அவளுக்கோசரம் நாங்க எல்லாருமே உட்டுட்டோம். அப்படிப் பாத்துக்கிட்டேன் அவளை.

ஓரகத்தின்னு ஊர்ல சொல்லுவாங்க. அந்த வார்த்தையே எங்களுக்குள்ள இல்லீங்க. அக்கா தங்கச்சிதான். முப்பது வருசத்துக்கு மேல ஒரே அடுப்பு. ஒரு சண்டை உண்டா, கேளுங்க. ஒண்ணு கெடையாது. நான் பேசுவேன், அவ கேட்டுக்குவா. எப்படிச் சண்டை வரும்?

அப்பறம் அந்தக் கொரோனா வந்துச்சுங்க. கொழுந்தனைக் கோயமுத்தூர் ஆசுபத்திரியில சேத்தோம். கூட ஒருத்தர்தான் இருக்கலாம்னாங்க, துளசி இருந்தா. எங்களை வாசப்படி மிதிக்க உடலை. அங்க ஒரு நர்ஸு அவளுக்கு நொம்ப ஒத்தாசையா இருந்திருக்குது. மனுசன் தங்கலை, போயிட்டாரு. ஊட்டுக்கு வந்தப்பறமும் அந்த நர்ஸு போன் பண்ணிக்கிட்டே இருந்துச்சு. மத்தியானம் ஆச்சுன்னா துளசி போனைத் தூக்கிட்டு கெணத்து மேட்டுக்குப் போயிருவா. யாரு புள்ளன்னு கேட்டா "சிஸ்டருங்க"ம்பா. பேரு கூட சொன்னதில்லை, சிஸ்டர்தான். அங்க நின்னு அழுவறா, சிரிக்கறா. எனக்கு ஒரு வார்த்தை சொல்றதில்லை. நான் ஒருநா கூப்புட்டுச் சொன்னேன், இதென்ன புள்ள, ஆசுபத்திரி சினேகிதமெல்லாம் ஆசுபத்திரியோட இருக்கட்டும், ஊட்டுல அக்கான்னு ஒருத்தி நான் எதுக்கு இருக்கறேன்னு. நல்லதுக்குத்தானுங்க சொன்னேன். அந்த வாரத்தோட போன் நின்னு போச்சு. நான் சொன்னா துளசி தட்ட மாட்டா.

பூவு, பொட்டு, கலர் சீலை இதெல்லாம் இனி வேண்டாம் புள்ள, ஊரு வாய்க்கு நாம எதுக்கு அவல் போடணும்னும் நாந்தான் சொன்னேன். செரிங்கக்கான்னா. என்னுங்க? இதா, என்ற நெத்தியிலயா? இது... என்ற ஊட்டுக்காரர் தவறுனது ரண்டு வருசம் முந்தித்தானுங்க. அதுக்குள்ள காலம் மாறிப்போச்சு. பெரியவன் அமெரிக்காவுல இருந்து வந்தவன், பொட்டு வெச்சாத்தான் ஆச்சுன்னு ஒரே புடி. பையன் சொன்னா மீற முடியுங்களா? துளசிக்குப் பையன் இல்லீங்க, ஒரே பொட்டப்புள்ளைதான், அதுவும் மெட்ராஸ்ல இருக்குது. அவளுக்குச் சொல்ல ஆளு இல்லை. அது வேற, இது வேற.

அந்தப் பெரியவன்தான் இந்த டூருக்குத் தாட்டி உட்டான். அம்மா, தோப்பே கதின்னு கெடக்கறே, சித்தியக் கூட்டிக்கிட்டு ஐரோப்பா போயிட்டு வான்னான். எனக்கு இஷ்டமே இல்லை. துளசியைக் கேட்டா, போலாமுங்கக்கான்னுட்டா. உடனே சொன்னாளுங்க. எதைக் கேட்டாலும் "நீங்க சொல்லுங்கக்கா"ங்கறவ, இதுக்கு மட்டும் பட்டுன்னு சொன்னா. நான் அன்னைக்கே ரோசனை பண்ணியிருக்கணும்.

ஏர்போர்ட்ல வெச்சுக் கைடு எல்லாத்தையும் அறிமுகம் பண்ணி வெச்சாரு. அந்தச் சுடிதார் பொம்பளை வந்து, "வணக்கம், நான் டெல்பின், நாகர்கோயில் சொந்த ஊரு, வேலை பாத்ததெல்லாம் கோயம்புத்தூர், இப்ப ரிட்டயர்டு"ன்னுச்சு. என்னைக் கும்புட்டுச்சு. துளசியையும் கும்புட்டுச்சு. துளசி திருப்பிக் கும்புட்டு, "வணக்கமுங்க மேடம்"னா. அதை ஞாபகம் வெச்சுக்குங்க கண்ணு. மேடம்னா.

டூருன்னா என்ன தெரியுங்களா, ஒரு ரூமுக்கு ரண்டு பேரு. பஸ்ல தெனமும் ஒரு வரிசை பின்னாடி மாறி உக்காரணும், எல்லாருக்கும் முன்சீட்டு கெடைக்கட்டும்னு. கூடவே சமையல்காரரைக் கூட்டீட்டு வந்திருக்காங்க, அதனால இட்லிக்கும் பொங்கலுக்கும் பஞ்சமில்லை. நான் துளசியை ஒரு நிமிசம் உடலீங்க. அவ பாஸ்போர்ட்டும் என்ற பையிலதான், அவ மாத்திரையும் என்ற பையிலதான். சன்னல் சீட்டுக் குடுத்தாங்க, நான் சொல்லிட்டேன், எங்களுக்கு சன்னல் வேண்டாமுங்க, தலை சுத்தும்னு. ஐஸ்கிரீம் குடுத்தாங்க, எங்களுக்கு ஐஸ்கிரீம் சேராதுங்க, தொண்டை கட்டும்னேன். மலை ரயிலு, எங்களுக்கு ஒத்துக்காதுன்னேன். அவ வாயைத் தொறந்து சங்கடப்பட வேண்டியதே இல்லாம நானே சொல்லிருவேன். எங்க போனாலும் அப்படித்தான்.

அப்பறம் அந்த ஆறு, ரைன் ஆறு. படகுல போனா ரண்டு பக்கமும் கோட்டை கோட்டையா தெரியும்னாரு கைடு. நான் வழக்கம்போல, எங்களுக்குப் படகு ஒத்துக்காது, நாங்க பஸ்லயே இருந்துக்கறோம்னு சொல்லிப்போட்டு வந்து பஸ்ல உக்காந்தேன். உக்காந்து பையைத் தொறந்து மிச்சரு பாக்கெட்டை எடுத்து, இந்தா புள்ளன்னு நீட்டறேன், பக்கத்து சீட்டு வெறுஞ்சீட்டு. எட்டிப் பாத்தா அவ படகுல மேல்தட்டுல நிக்கறா. கம்பியைப் புடிச்சுட்டு நிக்கறா. என்னைப் பாத்துக் கையாட்டுனாளுங்க. பக்கத்துல அந்த டெல்பினு. படகு போயிருச்சு. நானும் டிரைவரும் பஸ்லயே ரோட்டு வழியா போயி, அடுத்த ஊர்ல நின்னு காத்துட்டு இருந்தோம். அந்த வெள்ளைக்கார டிரைவர்கிட்ட நான் என்னத்தை நாயம் பேசறது? மிச்சரைக் குடுத்தேன். சாப்புட்டாரு.

எறங்கி வந்தவ கன்னமெல்லாம் காத்துல செவந்து கெடக்குது. "அக்கா, ரண்டு மலையில ரண்டு கோட்டைங்க. அண்ணன் தம்பி கட்டுனதாமுங்க. சண்டை வந்து நடுவுல மதில் எழுப்பிக்கிட்டாங்களாம்"னு சொல்றா. அண்ணன் தம்பி கதையைச் சொல்றாங்க. அண்ணன் பொண்டாட்டி, தம்பி பொண்டாட்டி கதையை யாராச்சும் கேட்டாங்களா? தலை சுத்தலையான்னு கேட்டேன். "இல்லீங்கக்கா, ஒண்ணுமே ஆகலீங்க"ன்னா. ஆகலைங்கறதை என்ன சந்தோசமாச் சொல்றா பாருங்க.

அடுத்த நா காலையில பொங்கலுக்குக் கத்திரிக்காய் கொத்சு வெச்சிருந்தாரு சமையல்காரரு. இவ ரண்டு கரண்டி ஊத்திக்கிட்டா. நான் தட்டைப் புடிச்சேன், புள்ள, அரிக்கும்னேன். "சித்தெ பாக்கலாமுங்கக்கா"ன்னுட்டு உக்காந்து நக்கி நக்கிச் சாப்புட்டா. நான் அன்னைக்குப் பூராம் அவ கையையே பாத்துக்கிட்டு இருந்தேன். அரிக்கவே இல்லீங்க. இத்தனை வருசம் அரிச்சது எங்க போச்சு? ஒண்ணுமே புரியலை எனக்கு.

இதெல்லாங்கூட நான் பொறுத்துக்குவேன் கண்ணு. டூருக்கு வந்தா மனுசருக்குக் கொஞ்சம் புத்தி மாறத்தான் செய்யும். அன்னைக்கு ராத்திரிச் சோத்துக்கு உக்காந்திருந்தோம். இவ ரசத்தை ஊத்திப் பெசஞ்சுக்கிட்டே, தலையைத் தூக்காம சொல்றா. "அக்கா, நாங்க நாளைக்கு வெள்ளென எந்திரிச்சு ஆத்தோரமா நடக்கப் போறமுங்க. நீங்க நல்லாத் தூங்குங்க."

நாங்க.

கேட்டீங்களா? நாமன்னு சொல்லலை. நாங்கன்னு சொன்னா. எனக்குக் கையில எடுத்த சோறு வாய்க்குப் போகலீங்க. முப்பது வருசத்துக்கு மேல நம்ம தோப்பு, நம்ம ஊடு, நம்ம பசங்கன்னு பேசுன வாயிங்க அது. கொழுந்தன் உசுரோட இருந்தப்பக்கூட, புருசனோட சினிமாவுக்குப் போறதுன்னாலும், "அக்கா, நாம எல்லாரும் போலாமுங்களா"ம்பா. நான் வரலைன்னா அவளும் போகமாட்டா. எங்கிட்ட நின்னு, என்னை வெளிய நிறுத்தி, அவ ‘நாங்க’ன்னு சொன்னதே கெடையாதுங்க. ஒருநா கெடையாது. ஒரு வார்த்தைதானேன்னு நீங்க நெனைப்பீங்க. கதவைச் சாத்தறதுக்குத் தாழ்ப்பா ஒண்ணுதானே வேணும்.

கண்ணு, நீங்க இந்த ஊர்லயே இருக்கறீங்களே, சொல்லுங்க. இவங்க பாஷையில நாமன்னா என்ன, நாங்கன்னா என்ன? ‘வீர்’ங்களா? ரண்டுக்குமே அதுதானுங்களா? அப்ப யாரைச் சேத்துச் சொன்னாங்க, யாரை உட்டுட்டுச் சொன்னாங்கன்னு தெரியவே தெரியாதா? நல்ல பாஷைங்க. குடுத்து வெச்சவங்க. துளசி இந்தப் பாஷையில பேசியிருந்தான்னா எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது, ரசஞ்சோத்தைச் சாப்புட்டுட்டுப் போயிப் படுத்திருப்பேன்.

கொழந்தை அழுவுதா? பால் குடுங்க, குடுங்க. நான் இப்படி மறைச்சு உக்காந்துக்கறேன். யாரும் பாக்க மாட்டாங்க.

அதுக்கப்பறம் நான் காதைத் தீட்டி வெச்சுக்கிட்டேன். தப்பா? நீங்களே சொல்லுங்க. பஸ்ல துளசி எனக்குப் பின்சீட்டுக்கு மாறிக்கிட்டா. அவங்க ரண்டு பேரும் பேசுனா தூங்கற மாதிரி தலையைச் சாச்சுக்குவேன். நேத்து ஒரு பழைய ஊருக்குப் போனமுங்க. ஊரைச் சுத்தி மதிலு, மதிலுக்கு மேல மரத்தால நடைபாதை, கூரை வேஞ்சு வெச்சிருக்காங்க. உள்ள மரச்சட்டம் அடிச்ச ஊடுக, சன்னலுக்குச் சன்னல் பூத்தொட்டி. அழகாத்தான் இருந்துச்சு, இல்லைங்கலை. அந்த மதில்ல ஏறறதுக்குக் கல்லுப்படி. நானும் ஏறுனேன், உட்டுடுவனா. முன்னால துளசி, நடுவுல நான், பின்னால அந்த டெல்பினு. படி நடுவுல தேஞ்சு குழியாக் கெடந்துச்சு. மேல போன துளசி திரும்பிப் பாத்து, பதறிப்போயி ஒரு குரல் குடுத்தாளுங்க.

"சிஸ்டர், பாத்து வாங்க, வழுக்குது."

சிஸ்டர்.

மேடம் மேடம்னு கூப்புட்டுக்கிட்டு இருந்தவ. எனக்கு அந்த ஒரு வார்த்தையில கெணத்து மேடு, போனு, மத்தியானம், எல்லாம் ஒண்ணாக் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. நான் அங்கயே நின்னுட்டேன். முன்னால பாக்கறேன், துளசி மொகம் சுண்ணாம்பாட்டம் வெளுத்துப்போச்சு. பின்னால பாக்கறேன், அந்தப் பொம்பளை தலையைக் குனிஞ்சுக்கிட்டுச்சு. வழுக்கும்னு சொன்னது அதுக்கு. நடுவுல நான் ஒருத்தி நிக்கறேன், எனக்கு வழுக்காதா? கீழ வேற ஏதோ நாட்டுக் கூட்டம் வந்து நின்னுக்கிட்டு எக்ஸ்கியூஸ்மி எக்ஸ்கியூஸ்மிங்குது. வெலகி உடறதுக்குக்கூட எனக்குக் காலு வரலை.

எறங்குனப்பறம் கைடு எல்லாத்தையும் கடைக்குப் போகச் சொல்லி ப்ரீ டைம் குடுத்தாரு. சதுக்கத்துல ஒரு பெரிய தண்ணித் தொட்டி இருந்துச்சு. அதோட திட்டுல துளசி என்னை உக்கார வெச்சா. அந்தப் பொம்பளை தூரப் போயி நின்னுக்கிச்சு. இவ எங்கையைப் புடிச்சுக்கிட்டா. "அக்கா, ஆமாங்க, அந்த சிஸ்டர்தானுங்க. போன் நிக்கவே இல்லீங்க. நீங்க கண்ணசந்தப்பறம் பேசிக்குவேனுங்க"ன்னா. இத்தனை வருசமாவான்னு கேட்டேன். "ஆமாங்க"ன்னா. அப்ப ஏர்போர்ட்ல கும்புட்டதுன்னேன். எங்கையை இன்னும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டா.

அதோட நின்னுதான்னா, இல்லீங்க. "ஊருக்குப் போனதும் நான் கோயமுத்தூர் வடவள்ளிக்குக் குடி போறேனுங்கக்கா. அங்க ஒரு அப்பார்ட்மெண்ட்ல ஊடு பேசியாச்சுங்க. சிஸ்டர் ஊட்டுக்கு எதுத்த ஊடுங்க. புள்ளைக்கும் தெரியும்"னா. எல்லாத்துக்கும் தெரியுமுங்க. மெட்ராஸ்ல இருக்கற புள்ளைக்குத் தெரியும், நேத்து வந்த டெல்பினுக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அடுப்புப் பக்கத்துல ஒட்டுக்கா நின்னவளுக்குத் தெரியாது.

என்ன புள்ள உனக்கு நான் கொறை வெச்சேன்னு கேட்டேன். அவ சொல்றா, "கொறையே இல்லீங்கக்கா. எல்லாம் நீங்களே பாத்துக்கிட்டீங்க. எனக்கு என்ன புடிக்கும், எது சேரும்னு எனக்கே தெரியலீங்க. இந்த வயசுக்காவது தெரிஞ்சுக்கலாம்னு இருக்குதுங்க."

இதுக்கு என்னங்க அர்த்தம்? தெரியலைன்னா என்னைக் கேக்க வேண்டியதுதானே. நான் சொல்ல மாட்டனா? அதைத்தான் நான் அவகிட்டயும் சொன்னேன். சொன்னதும் அவ சிரிச்சுட்டா. கண்ணுல தண்ணி, வாயில சிரிப்பு. எதுக்குச் சிரிச்சான்னு எனக்கு இன்னும் வெளங்கலை.

அப்ப எதுக்கு புள்ள என்னை இவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டு வரணும்னு கேட்டேன். "உங்களோட ஒருக்கா எங்காச்சும் நல்லபடியா போயிட்டு வந்துட்டு, கடைசியாச் சொல்லிக்கலாம்னு இருந்தேனுங்க. நாம ஒட்டுக்கா எங்கயுமே போனதில்லீங்களே அக்கா. தனியாச் சொல்றதுக்கு எனக்குத் தைரியமில்லை, அதுதான் சிஸ்டரையும் வரச் சொன்னேனுங்க"ன்னா. பாருங்க, அப்ப மட்டும் நாம. உட்டுட்டுப் போறதைச் சொல்றதுக்கு நாம. கெடாவுக்கு மாலை போட்டுக் கூட்டிக்கிட்டு வர்ற மாதிரி, கோட்டையைக் காட்டி, ஆத்தைக் காட்டி என்னைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கறா.

இன்னைக்குக் காலையில துளசி, "என்ற பாஸ்போர்ட்டை நானே வெச்சுக்கறேனுங்கக்கா"ன்னு கேட்டா. குடுத்துட்டேன். பையில ரண்டு சேந்து இருந்து இருந்து அட்டை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, பிரிச்சுக் குடுத்தேன். மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கிட்டா. அந்தப் பச்சை ஸ்வெட்டரு நேத்து ப்ரீ டைம்ல வாங்குனது. பச்சைங்க. கிளிப்பச்சை. அவளுக்குப் பச்சை எடுக்காதுன்னு கல்யாணத்துல இருந்து நான் சொல்லிக்கிட்டு இருக்கறேன். இங்க இருந்து பாத்தா எடுத்துத்தான் காட்டுது. அது தூரத்துல இருந்து பாக்கறதுனால இருக்கும்.

சொல்லுங்க கண்ணு. அவ செஞ்சது துரோகமா இல்லையா? ...செரி, செரி, கொழந்தையத் தட்டிக் குடுங்க, ஏப்பம் வரட்டும்.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, எனக்குப் பயமா இருக்குதுங்க. கோவமில்லை, பயம். ஊருக்குப் போனா அந்த ஊட்டுல நான் ஒருத்தி. என்ற சின்னவன் பெங்களூரு, மாசத்துக்கு ஒருக்கா வருவான். தோப்புல வேலைக்கு ஆளுக வருவாங்க, பொழுது சாஞ்சா போயிருவாங்க. அப்பறம் யாருகிட்டப் பேசறது? இன்னைக்குக் காலையில சமையல்காரரு காபிக்கு சர்க்கரை போடட்டுங்களாம்மான்னு கேட்டாரு. நான் வாயைத் தொறந்தேன், "எங்களுக்கு..."ன்னு வந்துச்சு. பக்கத்துல யாருமில்லை. எனக்குன்னு மாத்திச் சொல்லணும், வரவே இல்லீங்க. எனக்கு சர்க்கரை வேணுமா வேண்டாமான்னே ரோசனையா இருந்துச்சு. அந்த மனுசன் கரண்டியைத் தூக்கிப் புடிச்சுட்டு நிக்கறாரு. அப்படியே காபியை வெச்சுட்டு வந்துட்டேன்.

ராத்திரியெல்லாம் இதே ரோசனை. படுத்துக்கிட்டே அவ மூச்சு உடறதைக் கேட்டுக்கிட்டு இருந்தேன். நல்லாத் தூங்குனாளுங்க அவ. பாரத்தை எறக்கி வெச்சவளாட்டம் தூங்குனா. நான் விடிய விடிய முழிச்சுக் கெடந்ததுல ஒண்ணு தோணுச்சு. அதுதான் உங்களை உக்காரச் சொன்னேன், சுத்தி வளைக்காமக் கேட்டுடறேன்.

உங்க போன்ல நெட்டு வருதுங்களா? எனக்கு அதுல ஊடு தேடத் தெரியாது, கைடுகிட்டக் கேட்டா அவகிட்டச் சொல்லிருவாரு. வடவள்ளியில மருதம் என்க்ளேவ்னு ஒரு அப்பார்ட்மெண்ட்டாமா. துளசி வாயில இருந்தே பேரை வாங்கிட்டேன், எந்தப் பக்கம் புள்ளன்னு சாதாரணமாக் கேக்கற மாதிரி கேட்டு. அதுல வேற ஊடு எதாச்சும் காலியா இருக்குதான்னு பாருங்க. தோப்பைக் குத்தகைக்கு உட்டுக்கலாம். பெரியவன்கிட்ட நான் பேசிக்குவேன். மூணு பேருன்னா பொழுதும் போகும். அந்த டெல்பினுக்கும் நம்ம பக்கத்துச் சமையல் தெரியாது, தேங்காயை அரைச்சு அரைச்சு ஊத்தும், சொல்லிக் குடுக்கணும்.

என்னுங்க, இருக்குதா? எத்தனாவது மாடி? போட்டோ காட்டுங்க. சமையக்கட்டு சின்னதாத் தெரியுதே.

அதோ, எறங்க ஆரம்பிச்சுட்டாங்க. பச்சை ஸ்வெட்டரு முன்னால வருது பாருங்க, எப்படி உருண்டுக்கிட்டு வர்றா. அந்த ஊட்டு ஓனர் நம்பரை இந்தத் துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்துட்டு, போனை உள்ள வெச்சிருங்க கண்ணு. அவகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க. இப்பச் சொன்னா வேண்டாம்பா. பாலு காச்சற அன்னைக்குத் தெரிஞ்சாப் போதும்.

அவ ஊடு ரண்டாவது மாடியாமா. நீங்க கீழ்த்தளத்துல காலி இருக்குதான்னு மறுக்கா ஒருக்காப் பாத்துருங்க. எங்களுக்கு மாடி ஒத்துக்காதுங்க. நான் கீழ இருந்தன்னா ரண்டு மாசத்துல அவளும் கீழயே வந்துக்குவா.